கரண்ட் போனால்தான் கதை

என் வீட்டுக்காரர் பல்லியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறி நிற்கிற ஆள். ஆனால் அவர் எழுதுகிற கதைகளில் வெட்டும் குத்தும்தான். முதல் பக்கத்தில் ஒரு குதிரை பாயும், மூன்றாம் பக்கம் வருவதற்குள் எவனாவது ஒருவன் அகழியில் விழுந்திருப்பான். சந்திரகிரிக் கோட்டை, நகரி மலை, பாளையக்காரர்கள், ஒற்றர்கள், மாறுவேடத்தில் ஓர் இளவரசி. சென்னையிலிருந்து வரும் ஒரு மாதப் பத்திரிகையில் பல வருஷமாகத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தார். "அவ்ளோ பெரிய வாளைச் சுத்தறீங்களே, கோயில்லே ஒரு தேங்காயை ஒழுங்கா ஒடைக்க வரலியே" என்று நான் கேட்காத நாள் கிடையாது.

அவருக்குக் காட்பாடிப் பக்கம். ரேணிகுண்டாவில் ரயில்வே வேலை கிடைத்து வந்தவர், திருப்பதியிலேயே தங்கிவிட்டார். நான் சித்தூர்க்காரி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. அப்புறம் எம்.ஆர்.ஓ. ஆபீசில், உங்கள் பக்கத்துத் தாலுகா ஆபீஸ் மாதிரி, வேலை. மனுவோடு வருகிற ஜனங்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிற வேலை எனக்கு. இருமினால் இருமலையும் எழுதிவிடும் என் கை என்று அங்கே கேலி செய்வார்கள். இவ்வளவு எழுதியும் தமிழ் எழுத்து மட்டும் எனக்குத் தெரியாது. அவருக்கோ இத்தனை வருஷம் இங்கே இருந்தும் தெலுங்கு எழுத்து ஒன்றுகூட ஏறவில்லை. இன்றைக்கும் பஸ் எங்கே போகிறது என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் ஏறுவார். பேச்சு ஒன்றுதான் எங்கள் வீட்டில், எழுத்துதான் இரண்டு. அவர் கதையில் ஒரு வரியைக்கூட நானாகப் படித்தது கிடையாது. அவர் படித்துக் காட்டினால் கேட்பேன், அடுப்பில் பால் இருந்தால் அதுவும் இல்லை. இதைக்கூடத் தெலுங்கு எழுத்தில்தான் எழுதுகிறேன். என்னோடு ஆபீசில் வேலை பார்த்த ஒரு தோழிக்கு இரண்டு எழுத்தும் தெரியும், அவள்தான் தமிழில் மாற்றித் தருகிறாள்.

அவருக்கு வரும் கடிதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். சரித்திரக் கதை படிக்கிறவர்கள் எழுதுகிறார்கள். போனில் மெசேஜ் போடுகிறவர்களும் உண்டு, அவர்கள் காலையில் ஒரு ரோஜாப் பூவை அனுப்பிவிட்டு அதோடு மறந்துவிடுவார்கள். கடிதம் எழுதுகிறவர்கள் அப்படி விடமாட்டார்கள். இளவரசி போன மாதம் பச்சைப் பட்டு கட்டியிருந்தாளே, அதே ராத்திரி எப்படி நீலம் ஆனது என்று கேட்பார்கள். குதிரை எப்போது தண்ணீர் குடித்தது என்று கேட்பார்கள். வில்லன் பேரை மாற்றச் சொல்லி ஒருவர் எழுதினார், அது அவருடைய சம்பந்தி பேராம். சம்பந்தி இதைப் படித்துவிட்டுப் பேசுவதையே நிறுத்திவிட்டாராம்.

திருப்பதியில் இருப்பதால் நேரில் வருகிறவர்களுக்கும் குறைவில்லை. மலைக்குப் போய்விட்டு, மொட்டைத் தலையும் சந்தனமுமாக, லட்டுப் பையோடு வாசலில் நிற்பார்கள். "மேலே சாமியைப் பாத்துட்டோம், அப்படியே சாரையும் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்பார்கள். இவருக்கு அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் படாது. காபி போட்டுப் போட்டு என் கைதான் ஓயும். ஆனால் ஒன்று சொல்கிறேன், வந்தவர்கள் ஒருவரைக்கூட நான் மட்டமாக நினைத்ததில்லை. எவனோ ஒருவன் கற்பனையில் குதிரை ஓட்டினான் என்பதற்காக இத்தனை தூரம் விசாரித்து வருகிறார்களே, அந்த மனசு எனக்கு இருக்குமா என்று நினைத்துக்கொள்வேன்.

நகரிக்காரர்களின் முதல் கடிதம் வந்தபோது அவர் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "ஏமே, தெலுங்குலே கீது. உங்க ஆபீஸ் ஆளுங்க யாரோ."

வாங்கிப் படித்தேன். எழுத்துதான் தெலுங்கு. வாய்விட்டுப் படித்தால் சுத்தமான நம் பேச்சுத் தமிழ்.

"அய்யாவுக்கு வணக்கம். நாங்கோ நகரிலே பவர்லூம் தறி ஓட்டறவங்க. நான் நூல் சுத்தறேன். எங்களுக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத வராது. ஸ்கூல்லே தெலுகுதான். அதனாலே இப்பிடி எழுதறேன், தப்பா நெனச்சிக்காதீங்கோ. எங்க மேஸ்திரி பள்ளிப்பட்டுலே தமிழ் படிச்சவரு. அவருதான் உங்க கதையைப் படிச்சிக் காட்டறாரு. தறி ஓடிக்கினு இருந்தா பக்கத்துலே இடி வுழுந்தாலும் கேக்காது. கரண்ட் போனாதான் எங்களுக்குக் கதை. ஊரே கரண்ட்டுகாரனைத் திட்டும், நாங்கோ மட்டும் எப்போ போவும்னு பல்பைப் பாத்துக்கினு இருப்போம். போன வாரம் பூரா கரண்ட் போவலே. உங்க ஆளு கோட்டைச் செவுத்துலே தொங்கிக்கினே கீறான். கை நோவாதா அய்யா அவனுக்கு?"

நான் படித்து முடித்ததும் இவர் எழுந்து நின்றுவிட்டார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அன்றைக்கே பதில் எழுதினார். கை வலிப்பது உண்மைதான், அடுத்த முறை கரண்ட் போகும்வரை பொறுத்துக்கொள்ளும்படி அவனிடம் சொல்லியிருக்கிறேன் என்று எழுதினாராம். தமிழில் எழுதிய அந்தப் பதிலை மேஸ்திரி தறிக்கூடத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார் என்று அடுத்த கடிதத்தில் தெரிந்தது.

அப்படியே வளர்ந்தது. அந்த நூல் சுற்றுகிறவள் தெலுங்கு எழுத்தில் தமிழ் எழுதுவாள், நான் படிப்பேன். இவர் தமிழ் எழுத்தில் பதில் போடுவார், மேஸ்திரி படிப்பார். எழுதுகிறவர்கள் இரண்டு பேருக்கும் அடுத்தவர் எழுத்து தெரியாது. இடையில் நாங்கள் இரண்டு பேர் படித்துச் சொன்னால்தான் உண்டு.

அதில் ஒரு கூத்து நடந்தது. கதையில் ஒரு காவலாளி வருவான். வீரன் எங்கே போனாலும் பின்னாலேயே போகிற விசுவாசி. அவனை இவர் ஒரு மாதம் வெள்ளத்தில் தள்ளிக் கொன்றுவிட்டார். ஊரெல்லாம் அழுதுகொண்டே கடிதம் போட்டார்கள். நகரியிலிருந்து மட்டும் குதூகலமாக ஒன்று வந்தது. "செத்துட்டான்னு நாங்கோ அழுதுக்கினு இருந்தா, அடுத்த மாசமே உயிரோட வந்து தண்ணி குடுக்கறான் பாருங்கோ! கொட்டாய்லே எல்லாரும் விசில் அடிச்சோம். அய்யா மூளையே மூளை!"

இவருக்கு ஒன்றும் புரியவில்லை. செத்தவன் செத்தவன்தான், அவர் அவனை எழுப்பவே இல்லை. அவளுடைய அடுத்த கடிதத்தைப் படித்ததும்தான் விஷயம் புரிந்தது. பண்டிகை மாதங்களில் அந்தப் பத்திரிகை அட்டையில் சாமி படம் போடுவார்கள். நகரிக்காரர்கள் அந்த அட்டையைப் பக்தியோடு கிழித்துத் தறிக்குமேல் சுவரில் ஒட்டிவிடுவார்கள். அட்டை போனால் எந்த மாதம் என்பதும் போச்சு. எந்தப் புத்தகம் முன்னே, எது பின்னே என்று தெரியாமல், மேஸ்திரி சாவைப் படித்துவிட்டு அதற்கு முந்தின மாதத்தைப் படித்திருக்கிறார். செத்தவன் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்துவிட்டான்.

"உண்மையை எழுதுங்க" என்றேன்.

"சும்மா இருமே. என்னைவிட அவங்க நல்லா எழுதறாங்க" என்றார். நன்றி என்று ஒரு வார்த்தை மட்டும் எழுதிப் போட்டார். தன் எழுத்தில் ஒரு கமாவைத் தொட்டாலும் பத்திரிகைக்காரரோடு மல்லுக்கு நிற்கிற மனுஷன். அன்றைக்கு எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

அதற்கடுத்த கோடையில் அவருக்குக் கைகால் இழுத்துக்கொண்டது. வலது பக்கம் முழுக்க. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது கால் கொஞ்சம் தேறியிருந்தது. கை தேறவில்லை. பேச்சு குழறியது. டாக்டர் பேசச் சொன்னார், விடாமல் பேசினால்தான் திரும்பும் என்றார். இவரோ வாயைத் திறக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். கோட்டைக்கு அடியில் தானியம் கொட்டிவைக்கிற குழி ஒன்றில் வீரன் விழுந்து கிடக்கிறான், மேலே எதிரிகள் கல்லை வைத்து மூடிவிட்டார்கள், அந்த இடத்தில் கதை நின்றிருந்தது. ஆசிரியருக்கு உடல்நலமில்லை என்று பத்திரிகையில் போட்டார்கள்.

எனக்குக் கையைப் பற்றிக் கவலை இல்லை. கை எழுதாவிட்டால் போகட்டும். வாழ்நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசிய மனுஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பல்லி வந்தது, அதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்குச் சமையலறையில் போய் அழுதேன்.

கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. வேண்டாம் என்று இடது கையை ஆட்டுவார். நான் ஃப்ரிட்ஜ் மேல் போட்டு வைத்தேன். நகரிக் கடிதம் வந்த அன்று மட்டும் அவரைக் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

"அம்மாவுக்கு வணக்கம். அய்யாவுக்கு ஒடம்பு சரியில்லேன்னு மேஸ்திரி போன்லே சொன்னாரு. அவரு மக வூட்டோட திருப்பூருக்குப் போய்ட்டாரு. இப்போ எங்களுக்குப் படிக்கவும் ஆளில்லே, படிக்கக் கதையும் இல்லே. கரண்ட் போனா ஒத்தர் மூஞ்சியை ஒத்தர் பாத்துக்கினு ஒக்காந்திருந்தோம். எல்லாரும் கேட்டாங்கன்னு கதையை நானே முடிச்சிட்டேன். குழிலே வுழுந்தவன் மூச்சு முட்டி செத்துட்டான். இளவரசி அந்தத் தளபதியையே கட்டிக்கினா. இன்னா பண்றது, அவளுக்கும் வயசாவுதில்லே. நல்லா கீதான்னு அய்யாவைக் கேட்டுச் சொல்லுங்கோ."

தளபதி என்றால் வில்லன். எட்டு அத்தியாயமாக அயோக்கியத்தனம் செய்துகொண்டிருந்தவன்.

படித்து முடித்துத் தலையைத் தூக்கினேன். இவர் முகம் சிவந்திருந்தது. உதடு கோணிக்கொண்டு அசைந்தது.

"எவ... அவ?" என்றார். "என் ஆளை... எவ கொன்னது?"

எத்தனையோ நாளுக்கப்புறம் அந்த வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அதுதான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. விட்டேனா? "அவ கொன்னா இன்னா தப்பு? நீங்கதான் அம்போன்னு வுட்டுட்டீங்களே. தளபதிக்குக் கட்டிக் குடுத்ததும் நல்ல சம்பந்தம்தான்" என்று இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினேன்.

"பேப்பர்... எடு" என்றார்.

எடுத்தேன். எனக்குத் தெரிந்த எழுத்தில்தானே எழுத முடியும்? அவர் சொல்லும் தமிழை நான் தெலுங்கில் எழுதினேன், நகரிக்காரி எழுதுவதுபோலவே. காலையில் டிபன் ஆனதும் உட்காருவோம். நாலு வரி சொல்வதற்குள் வியர்த்துவிடும் அவருக்கு. வார்த்தை தொண்டையில் வந்து நிற்கும், வெளியே வராது, கோபத்தில் நாற்காலிக் கையை அடிப்பார். நான் ஏதாவது சொல்லி ஆற்றுவேன். தண்ணீர் கொடுப்பேன். என் கை அதுபாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கும். ஆபீசில் பழகிய கை, காதில் விழுந்ததை விடாது. எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்க எனக்குத் தெம்பு இருக்காது, அடுத்து மாத்திரை, அடுத்து சமையல், அடுத்து அவரை நடக்கவைக்க வேண்டும்.

குழிக்குள் கிடக்கும் வீரனைக் காப்பாற்ற யாரை அனுப்பினார் தெரியுமா? வெள்ளத்தில் செத்த காவலாளியை. "அவங்கதானே... எழுப்பினாங்க. அவங்க... எழுப்பினவனே... வரட்டும்" என்றார். நகரிக்காரர்கள் அட்டையைக் கிழித்ததால் பிழைத்தவன், சுரங்கம் வழியாகத் தண்ணீரோடு வந்து சேர்ந்தான்.

இப்படி ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது. கடைசி அத்தியாயம் முடிந்தபோது அவர் பேச்சை என்னைத் தவிர மற்றவர்களும் புரிந்துகொள்கிற அளவுக்குத் தேறியிருந்தார். தமிழில் மாற்றித் தருகிறேன் என்று அந்த ஆபீஸ் தோழி காகிதக் கட்டை வாங்கிக்கொண்டு போனாள். அதற்கு முன்னால் கடைசி அத்தியாயத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்து நகரிக்கு அனுப்பினேன். மேஸ்திரி இல்லாவிட்டால் என்ன? இது அவர்களே படிக்கிற எழுத்து. பத்திரிகை ஆசிரியருக்குக்கூடப் படிக்கத் தெரியாத கதை, அந்தத் தறிக்கூடத்துக்குத் தெரியும்.

உடனே பதில் வந்தது. பிரிக்கவே இல்லையாம். அய்யா வந்து எதிரில் உட்கார்ந்தால்தான் படிப்போம் என்று எழுதியிருந்தாள்.

போனோம். ரயிலில் புத்தூர் தாண்டினதும் நகரி மலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஸ்டேஷனில் இரண்டு பேர் ஆட்டோவோடு நின்றார்கள். தறிக்கூடத்து வாசலில் இறங்கியதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. உள்ளே வரிசையாகத் தறிகள், டடக் டடக்கென்று நெஞ்சுக்குள் அடிக்கிறது சத்தம். சுவரில் அந்தச் சாமி அட்டைகள். நூல் சுற்றுகிறவள் ஓடி வந்தாள், நாற்பது வயதிருக்கும், தலைமுடியெல்லாம் பஞ்சு. இவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். ஏதோ சொன்னாள், எங்களுக்குக் கேட்கவில்லை. இவர் ஏதோ சொன்னார், அவளுக்குக் கேட்கவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

அப்புறம் எல்லோரும் பல்பைப் பார்த்தார்கள். நாங்களும் பார்த்தோம்.

கரண்ட் போகவில்லை. காபி வந்தது, குடித்தோம். வடை வந்தது, தின்று முடித்தோம். பல்பு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. வேண்டாத நாளெல்லாம் போகிற கரண்ட் அன்றைக்கு விரதம் இருந்தது. எங்களுக்குத் திரும்பும் ரயில் வேறு இருக்கிறது. இவர் பாவம், மடியில் கையை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரிசையில் ஒருவர் தன் தறியை நிறுத்தினார். பக்கத்துத் தறிக்காரர் அவரைப் பார்த்தார், தானும் நிறுத்தினார். ஓடாத தறிக்குக் கூலி கிடையாது, அது எனக்கும் தெரியும். ஒவ்வொரு தறியாக நின்றுகொண்டே வந்தது. சத்தம் மெலிந்து மெலிந்து, கடைசியில் ஒரே ஒரு தறி ஓடியது, அது கூடத்துச் சொந்தக்காரர் ஓட்டியது. அவரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார். பல்பு எரிந்துகொண்டே இருந்தது. பல்பு வெளிச்சத்தில் அவர்கள் கதை கேட்டது அன்றைக்குத்தானாம்.

அவள் உறையைப் பிரித்தாள். என் கையெழுத்தை அவ்வளவு அழகாக யாரும் படித்துக் கேட்டதில்லை. காவலாளி சுரங்கத்தில் தவழ்ந்தான். குழியில் கிடந்த வீரனின் தலையைத் தூக்கி மடியில் வைத்துத் தண்ணீர் புகட்டினான். வீரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், வார்த்தை வரவில்லை என்று படித்தாள். அடுத்து, குரல் கொஞ்சம் இறங்கி,

"மெதுவா சொல்லுங்க. இன்னா அவசரம்? வந்தப்போ வரட்டும். நான் எங்கயும் போவலே, இங்கதான் கீறேன்" என்று படித்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கதையில் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள். 'தங்கள் ஆணை' என்பார்கள், 'உயிர் உள்ளவரை' என்பார்கள். இது நான் அவரிடம் சொன்னது. அவர் வார்த்தை வராமல் நாற்காலியை அடித்தபோது சொன்னது. பாழும் கை அதையும் எழுதிவைத்திருக்கிறது.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், "இன்னொரு வாட்டி படிமே அந்த எடத்தை" என்றது. அவள் இன்னொரு தடவை படித்தாள்.

முடிந்ததும் விசில் பறந்தது. அவள் காகிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அய்யா, எத்தினியோ சண்டை எழுதினீங்கோ. ஆனா அந்தக் காவலாளி சொல்றானே, நான் இங்கதான் கீறேன்னு, அது எப்பிடி அய்யா ஒங்களுக்குத் தோணிச்சி?"

அவர் வாயெடுத்தார். வார்த்தை நின்றது. அவர்கள் அத்தனை பேரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

"அது... நான் எழுதலே" என்றார். இடது கையால் என்னைக் காட்டினார். "அவ... எனக்குச் சொன்னது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரயிலுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டேன், வேறென்ன செய்ய? வாசலுக்கு வருவதற்குள் பின்னால் தறிகள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. ரயிலில், அந்த வரியை அடித்துவிடுகிறேன் என்றேன். தொட்டால் பார் என்று விரலை ஆட்டினார்.

கதை புத்தகமாக வந்தபோது தோழியை வரச்சொல்லி அந்தப் பக்கத்தைக் காட்டச் சொன்னேன். அந்த வரி அப்படியே இருந்தது. ஒவ்வொரு எழுத்தாக அவளிடம் கேட்டுக் கேட்டு, விரலை வைத்துக்கொண்டு நானே படித்தேன். அவர் புத்தகத்தில் நான் தமிழில் படித்தது அந்த ஒரு வரிதான்.